இரண்டாம் அணி எதற்கு?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

விளையாட்டு விழா நாளில் நாம் யாரை நினைவில் வைத்துக்கொள்கிறோம்? கோப்பையைக் கையில் வாங்கியவனை. அவனுக்குக் கைதட்டுகிறோம், அவன் படம் ஆண்டு மலரில் வருகிறது. அதில் தவறில்லை. வென்றவனைப் பாராட்டத் தெரியாத ஊர் உருப்படாது. ஆனால் அதே அணியின் சீருடையை அணிந்து, ஆட்டம் முடியும்வரை கோட்டுக்கு வெளியே நின்று, பிறகு வலையைச் சுருட்டி அறையில் வைத்துப் பூட்டிவிட்டு விடுதிக்குத் திரும்பினானே ஒருவன், அவன் என்ன ஆனான்? அடுத்த ஆண்டாவது அவன் ஆடினானா? ஆடத் தெரிந்தவனாக ஆக்கப்பட்டானா? இந்தக் கேள்வியை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

நான் கேட்டிருக்கிறேன். கைப்பந்து அணியில் அப்படி வெளியே நிற்பவர்களுள் நானும் ஒருவன் என்பதுதான் காரணம். விடை கிடைத்த இடம் நான் எதிர்பாராதது. மெல்போர்ன் மைதானத்தில் நடந்த கிரிக்கெட் ஆட்டம் ஒன்றைக் கைப்பேசியில் தேடியபோது, அதே மைதானத்தில் முட்டை வடிவப் பந்தோடு முப்பத்தாறு பேர் ஓடும் காட்சி கண்ணில் பட்டது. அது ஆஸ்திரேலியக் கால்பந்து. முதலில் வேடிக்கையாகப் பார்த்தேன். பிறகு அந்த ஆட்டத்தில் 'ரிசர்வ்ஸ்' எனப்படும் இரண்டாம் அணிகள் இருப்பதையும், அவை தமக்குள் ஒரு முழுப் போட்டியே நடத்துவதையும் அறிந்தபோது வேடிக்கை போய்விட்டது. அங்கே என்னைப் போன்றவன் வெளியே நிற்பதில்லை. ஒவ்வொரு வாரமும் ஆடுகிறான்!

அந்த இரண்டாம் அணி எதற்காக இருக்க வேண்டும், இளைஞர்களை அது எப்படி உருவாக்க வேண்டும் என்பது பற்றி நான் எண்ணியவற்றை ஆசிரியப் பெருமக்கள் முன்னும் மாணவ நண்பர்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

ஆட்டத்தின் தன்மை

அறியாத ஆட்டத்தைப் பற்றி வாதம் செய்வது முறையன்று. ஆகவே சில சொற்களில் ஆட்டத்தை அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

அணிக்குக் களத்தில் 18 பேர். மைதானம் கிரிக்கெட் மைதானந்தான். பந்து முட்டை வடிவம். இரு முனைகளிலும் நந்நான்கு கம்பங்கள். நடுவிலுள்ள இரண்டு கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்து அனுப்பினால் 6 புள்ளிகள். பக்கத்துக் கம்பங்களுக்கிடையே சென்றால் 1 புள்ளி. பந்தை எறியக் கூடாது. காலால் உதைக்கலாம், அல்லது ஒரு கையில் ஏந்தி மறு கையின் முஷ்டியால் குத்தி அனுப்பலாம். 15 மீட்டராவது பறந்து வரும் உதையை அந்தரத்திலேயே பிடித்துவிட்டால், பிடித்தவனுக்குத் தடையின்றி உதைக்கும் உரிமை உண்டு. ஆஃப்சைடு என்ற விதியே கிடையாது. ஆகவே தாக்குதல் எந்தத் திசையிலிருந்தும் வரும். இருபது நிமிடக் கால் பகுதிகள் நான்கு. நின்றுபோன நேரத்தையும் சேர்த்தால் ஒவ்வொன்றும் அரைமணி நேரத்தை நெருங்கும். நடுக்களத்தில் ஆடுபவன் ஓர் ஆட்டத்தில் 12 கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகிறான். ஓடுவது மட்டுமா? ஓடும்போதே மோதுகிறான், விழுகிறான், எழுகிறான்.

இந்த ஆட்டத்தின் பிறப்பே சுவையானது. 1858-ஆம் ஆண்டு டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர் மெல்போர்ன் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். குளிர்காலத்தில் கிரிக்கெட் வீரர்கள் உடல் தளர்ந்துவிடாமல் இருக்கக் கால்பந்துக் கழகம் ஒன்று அமைக்கலாம் என்பது அவர் யோசனை. அடுத்த ஆண்டு மே மாதம் விதிகள் எழுதப்பட்டன. அதாவது, இன்னோர் ஆட்டத்துக்கு ஆட்களைத் தயார்செய்யும் பயிற்சியாகத்தான் இந்த ஆட்டம் பிறந்தது! தயார்செய்வது தாழ்ந்த வேலை என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

எட்டுக் கழகங்கள் சேர்ந்து நடத்திய விக்டோரியக் கால்பந்து லீக், அதாவது வி.எஃப்.எல்., 1897-இல் முதல் பருவத்தை ஆடியது. நாடெங்கும் விரிந்தபின் 1990-இல் அது ஏ.எஃப்.எல். எனப் பெயர் மாறியது. பழைய வி.எஃப்.எல். என்ற பெயரை, 1877-இல் தோன்றிய வேறொரு சங்கத்தின் போட்டி 1996 முதல் சூடிக்கொண்டது. இந்தப் பெயர் மாற்றத்தை மனத்தில் கொண்டால் மேலே வருவது குழப்பாது.

இரண்டாம் அணியின் கதை

இரண்டாம் அணிகளுக்கான போட்டி 1919-இல் தொடங்கியது. அக்காலத்தில் சனிக்கிழமை ஒரு திருவிழா. முதல் அணியின் ஆட்டம் பிற்பகல் இரண்டு மணிக்குமேல். அதற்கு முன்னே அதே மைதானத்தில் இரண்டாம் அணிகள் ஆடி முடித்திருக்கும். ரசிகர் சீக்கிரம் வந்தால் நாளைய வீரனை முற்பகலிலேயே பார்த்துவிடலாம். இரண்டாம் அணிக்கும் கீழே 19 வயதுக்குட்பட்டோர் அணிகள் 1946 முதல் 1991 வரை தனியே ஆடின. பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகம் என்பதுபோல் ஒரு கழகத்துக்குள்ளேயே மூன்று படிகள் இருந்தன.

1986-இல் டிராஃப்ட் என்னும் தேர்வு முறை வந்தது. கடைசி இடம் பெற்ற கழகத்துக்கு முதல் தேர்வு. ஒவ்வொரு கழகமும் முறைவைத்து இளைஞர்களை எடுத்துக்கொள்ளும். பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் பள்ளி முடித்த கையோடு வீட்டை விட்டு, சில வேளை மாநிலத்தையே விட்டு, தன்னை எடுத்த கழகத்துக்குப் போகிறான். அந்தக் கழகத்தின் பட்டியலில் நாற்பதுக்குமேற்பட்டோர் இருக்கிறார்கள். முதல் அணியில் களத்துக்குச் செல்பவரும் மாற்று ஆட்டக்காரரும் சேர்ந்து அதில் ஏறக்குறையப் பாதிப் பேர்தான். மீதிப் பாதி? அவர்கள் இருக்குமிடமே இரண்டாம் அணி.

1999-ஆம் ஆண்டோடு தனி ரிசர்வ்ஸ் போட்டி நின்றுவிட்டது. 2000 முதல் மெல்போர்ன் கழகங்களின் இளைஞர்கள் புதிய வி.எஃப்.எல். போட்டியில் ஆடலாயினர். சில கழகங்கள் சொந்த அணியை அனுப்பின. மற்றவை வேறொரு கழகத்தோடு உறவு வைத்துக்கொண்டன. ஹாதார்ன் கழகம் பாக்ஸ் ஹில்லோடும், மெல்போர்ன் கழகம் சாண்ட்ரிங்ஹாமோடும், சிறிது பின்னர் ரிச்மண்ட் கோபர்க்கோடும் இணைந்தன. ஒரு வீட்டுப் பிள்ளையை மறு வீட்டில் வளர்ப்பது போன்ற ஏற்பாடு இது.

சிக்கல் இங்கேதான் எழுந்தது. வளர்க்கும் வீட்டுக்குத் தன் கோப்பை வேண்டும். பெற்ற வீட்டுக்குத் தன் பிள்ளை தேற வேண்டும். முதல் அணிப் பயிற்சியாளர், "இவனைப் பின்களத்தில் நிறுத்திப் பழக்குங்கள்" என்பார். இரண்டாம் அணிப் பயிற்சியாளரோ, "இவன் முன்களத்தில் நின்றால்தான் இந்தச் சனிக்கிழமை வெல்வோம்" என்பார். இடையில் அகப்பட்ட பையன் எந்தப் பாடத்தைப் படிப்பான்?

ஆக, கேள்வி இதுதான்: இரண்டாம் அணி வெல்வதற்கா, வளர்ப்பதற்கா?

பையன் எப்படி ஆட்டக்காரன் ஆகிறான்?

விடை சொல்லுமுன் வளர்ச்சி என்பது என்ன என்று பார்க்க வேண்டும். "திறமை இருந்தால் தானே வெளிவரும்" என்பது நம்மிடையே உலவும் பொய்களுள் பெரிய பொய். விதை நல்லதாக இருந்தால் மட்டும் போதுமா? நாற்றங்கால் வேண்டும்; பறித்து நடும் பருவம் தெரிய வேண்டும்; நட்டபின் தண்ணீர் கட்ட வேண்டும்.

முதலாவது உடல். பதினெட்டு வயதில் பள்ளிச் சிறுவரிடையே சிங்கமாக இருந்தவன், இருபத்தெட்டு வயது ஆளின் தோளில் மோதினால் தூக்கி எறியப்படுவான். எலும்பும் தசையும் அந்த மோதலுக்குப் பழக ஆண்டுகள் பிடிக்கும். அவசரப்பட்டுச் சுமையைக் கூட்டினால் முதுகெலும்பிலும் காலெலும்பிலும் நுண்முறிவு ஏற்பட்டு ஒரு பருவமே வீணாகும். ஆகவே எத்தனை நிமிடம் ஆடுவது, வாரத்தில் எவ்வளவு ஓடுவது என்று அளந்து கூட்டுகிறார்கள். உயரமானவர்கள் தேறுவதற்குக் கூடுதல் காலம் பிடிக்கும் என்பது அந்த ஆட்டத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட பாடம். நடுக்களத்துச் சிறுவன் முதலாண்டிலேயே ஈடுகொடுக்கலாம். அந்தரத்தில் பந்து பிடிக்க வேண்டிய நெட்டையனுக்கு நான்கைந்து ஆண்டுகளும் ஆகலாம்.

இரண்டாவது இடம். ஆஃப்சைடு இல்லாத ஆட்டத்தில் எங்கே நிற்பது என்று அறிவதே பாதிக் கல்வி. முன்களத்தில் ஆடியவனைச் சில வாரம் பின்களத்தில் நிறுத்தினால், எதிரி எப்படி நினைக்கிறான் என்று அவனுக்குப் புரியும். முதல் அணியில் இந்தச் சோதனை செய்ய முடியாது. அங்கே ஒவ்வொரு பிழைக்கும் விலை உண்டு. பிழை செய்து கற்பதற்கென்றே ஓர் இடம் வேண்டும். அதுதான் இரண்டாம் அணி.

மூன்றாவது மெய்யான ஆட்டம். பயிற்சி எத்தனை செய்தாலும் ஆட்டத்துக்கு ஈடாகாது. 2020-இல் கொரோனாத் தொற்றினால் வி.எஃப்.எல். பருவமே ரத்தாயிற்று. முதல் அணிகள் மட்டும் மாநிலம் விட்டு மாநிலம் போய் ஆடின. கூடப் போன இளைஞர்கள் அவ்வப்போது ஏற்பாடான பயிற்சி ஆட்டங்களை ஆடித் தேற வேண்டியிருந்தது. புள்ளிப் பட்டியலும் பார்வையாளரும் இல்லாத ஆட்டத்தில் எவனுக்கு நெஞ்சு படபடக்கும்? படபடக்காத நெஞ்சு எதைக் கற்கும்?

நான்காவது சொல்வதற்கு ஓர் ஆள். ஆட்டம் முடிந்ததும் ஒளிப்பதிவைப் போட்டு, "இந்த இடத்தில் நீ இரண்டடி முன்னே நின்றிருக்க வேண்டும்" என்று சொல்லும் பயிற்சியாளர். திட்டுவதற்குப் பலர் கிடைப்பார்கள். திருத்துவதற்கு ஒருவர் கிடைப்பதுதான் அரிது.

சில சான்றுகள்

டெனிஸ் பேகன் என்ற பயிற்சியாளரின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. வட மெல்போர்ன் கழகத்தின் 19 வயதுக்குட்பட்டோர் அணியைப் பல ஆண்டுகள் வளர்த்து ஐந்து முறை பட்டம் வாங்கித் தந்தவர் அவர். 1992-இல் எஸெண்டன் கழகத்தின் இரண்டாம் அணிக்குப் போனார். அவ்வாண்டே அந்த அணி பட்டம் வென்றது. அதில் ஆடியவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் ஹர்ட். 1990-ஆம் ஆண்டுத் தேர்வில் 79-ஆவது பெயராக எடுக்கப்பட்டவர்! 1992-இல் முதல் அணியில் ஒருமுறை தலைகாட்டிவிட்டு, எஞ்சிய பருவத்தை இரண்டாம் அணியில் கழித்தார். அடுத்த ஆண்டு, 1993-இல், கெவின் ஷீடியின் எஸெண்டன் இளைஞர் பட்டாளம் முதல் அணிக் கோப்பையையே வென்றது; ஹர்ட்டும் அதில் இருந்தார். 1996-இல் ஆட்டத்தின் மிக உயர்ந்த தனிநபர் விருதாகிய பிரௌன்லோ பதக்கத்தை இன்னொருவரோடு பகிர்ந்து பெற்றார். 78 பேருக்குப் பின்னால் எழுதப்பட்ட பெயர் அது என்பதை மறந்துவிடக் கூடாது.

பேகன் என்ன ஆனார்? 1993-இல் வட மெல்போர்னின் தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பினார். தம்மிடம் பத்தொன்பதுக்குட்பட்டோர் அணியில் ஆடிய வேய்ன் கேரியை 21 வயதிலேயே தலைவனாக்கினார். 1996-இலும் 1999-இலும் கோப்பை வந்தது. சிறுவனாக இருந்தபோதே அறிந்தவர் அல்லவா? யாரிடம் எதை ஒப்படைக்கலாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வள்ளுவப் பெருந்தகை 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரமே வகுத்திருப்பது இதற்காகத்தானே!

இன்னொருவர் சாம் மிட்செல். 2000-ஆம் ஆண்டுத் தேர்வில் எந்தக் கழகமும் அவரைத் தொடவில்லை. வேகம் போதாது என்பது அவர்மீது சொல்லப்பட்ட குறை. 2001-இல் பாக்ஸ் ஹில்லில் ஆடினார். அவ்வாண்டுத் தேர்வில் 36-ஆவது பெயராக ஹாதார்ன் எடுத்தது. 2002-இல் வி.எஃப்.எல். போட்டியின் சிறந்த ஆட்டக்காரருக்கான லிஸ்டன் பரிசு அவருக்கு. 2003-இல் ஏ.எஃப்.எல். போட்டியின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருது. 2008-இல் அணித் தலைவராகக் கோப்பையைத் தூக்கினார். பின்னும் மூன்று கோப்பைகள். இத்தனைக்கும் பிறகு ஓர் அணியின் தலைமைப் பயிற்சியாளராக அவர் தொடங்கிய இடம் எது? 2021-இல் அதே பாக்ஸ் ஹில் அணி! 2022 முதல் ஹாதார்னின் தலைமைப் பயிற்சியாளர். தான் ஏறிய ஏணியைத் தானே பிடித்துக்கொண்டு நிற்பவரை நாம் வணங்க வேண்டும்.

மூன்றாவது சான்று 2014. அந்த ஆண்டு ரிச்மண்ட், வெஸ்டர்ன் புல்டாக்ஸ் ஆகிய இரு கழகங்களும் பிற கழகங்களோடு வைத்திருந்த உறவை முடித்துக்கொண்டு, சொந்த இரண்டாம் அணிகளை மீண்டும் அமைத்தன. புல்டாக்ஸின் இரண்டாம் அணி ஃபுட்ஸ்கிரே என்ற பழம்பெயரோடு களமிறங்கி முதலாண்டிலேயே பட்டம் வென்றது. 2016-இல் மீண்டும் வென்றது. அதற்கு அடுத்த வாரமே முதல் அணியும் வென்றது. 1954-க்குப் பிறகு 62 ஆண்டுகள் காத்திருந்த கோப்பை அது!

ரிச்மண்டின் கதையோ சினிமாக் கதைபோல் இருக்கும். 2019 பருவத்தின் நடுவே நடந்த தேர்வில் மார்லியன் பிக்கெட் என்ற 27 வயதுக்காரரை அக்கழகம் எடுத்தது. செப்டம்பர் 22 அன்று வி.எஃப்.எல். இறுதி ஆட்டத்தில் ரிச்மண்ட் இரண்டாம் அணி வென்றது. சிறந்த ஆட்டக்காரர் பிக்கெட். ஆறு நாள் கழித்து முதல் அணியில் தம் முதல் ஆட்டத்தை ஆடினார். அது ஏ.எஃப்.எல். இறுதி ஆட்டம். இறுதி ஆட்டத்தையே முதல் ஆட்டமாக ஆடியவர் 1952-க்குப் பிறகு எவருமில்லை. ரிச்மண்ட் 89 புள்ளிகள் வித்தியாசத்தில் வென்றது. அந்த இரண்டாம் அணியின் பயிற்சியாளர் கிரெய்க் மெக்ரே, பின்னர் காலிங்வுட்டின் தலைமைப் பயிற்சியாளராகி 2023-இல் கோப்பை வென்றார். இரண்டாம் அணி ஆட்டக்காரரை மட்டுமா வளர்க்கிறது? ஆசிரியரையும் வளர்க்கிறது.

மறுப்பாளர் சொல்வது

நிற்க. என் கட்சிக்குச் சாதகமானவற்றை மட்டும் சொல்லிவிட்டு ஓடுவது நேர்மையன்று.

"வளர்ப்பு வளர்ப்பு என்று சொல்லித் தோற்றுக்கொண்டே இருப்பதா?" என்று கேட்பார்கள். 2011-இல் போர்ட் மெல்போர்ன் அணி வி.எஃப்.எல். பருவம் முழுவதும் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் பட்டம் வென்றது. அது எந்த ஏ.எஃப்.எல். கழகத்துக்கும் பிள்ளை வளர்க்கும் அணியன்று. தனித்து நின்ற அணி. வாராவாரம் ஆள் மாறாமல் ஒன்றாக ஆடிய வளர்ந்த ஆண்கள், இளைஞர்கள் வந்துபோகும் அணிகளையெல்லாம் மண்ணைக் கவ்வவைத்தார்கள். ஆகவே வெல்வதும் வளர்ப்பதும் ஒன்றல்ல என்பது மெய்தான்.

ஆனால் அவை பகையும் அல்ல. 1992-இன் எஸெண்டனும் 2014-இன் ஃபுட்ஸ்கிரேயும் வென்றுகொண்டே வளர்த்தன. தோல்வியையே கண்டு வளரும் பையன் தோல்விக்குப் பழகிவிடுவான். கடைசி ஐந்து நிமிடத்தில் நான்கு புள்ளி முன்னிலையைக் காப்பது எப்படி என்பதும் ஒரு பாடந்தானே. என் கருத்து இதுதான்: வெற்றிக்காக ஆடட்டும், ஆனால் இரண்டுக்கும் மோதல் வரும் நாளில், வளர்ப்பே வெல்லட்டும்.

"நல்லவன் எங்கே போட்டாலும் நீந்துவான், ஆற்றில் தள்ளிவிடு" என்பார் சிலர். டஸ்டின் ஃபிளெட்சர் பள்ளி இறுதி வகுப்பில் படித்துக்கொண்டே 1993-இல் எஸெண்டன் முதல் அணியில் ஆடிக் கோப்பையும் வென்றார். நானூறு ஆட்டங்கள் ஆடினார். உண்மை. தள்ளிவிட்டால் நீந்துபவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் மூழ்கியவர்களின் பெயரை எந்தப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறோம்? கரையேறியவனை மட்டும் எண்ணுகிறவன் கணக்கறியாதவன்.

மூன்றாவது மறுப்புத்தான் எனக்கு உறுத்துகிறது. இரண்டாம் அணியில் ஒப்பந்த இளைஞர் மட்டும் ஆடுவதில்லை. பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வரும் உள்ளூர் ஆட்டக்காரர்களும் இருக்கிறார்கள். முதல் அணியில் யாருக்காவது காயம் என்றாலோ, காயம் ஆறியவர் கீழே வந்தாலோ, இடம் இழப்பவர் பெரும்பாலும் அந்த உள்ளூர்க்காரர்தான். ஆனால் இளைஞன் பக்கத்தில் நின்று, "இப்போது ஓடு, இப்போது நில்" என்று குரல் கொடுத்து ஆட்டத்தைக் கற்பிப்பவரும் அவர்தான். அவரை வெறும் முட்டுக்கொடுக்கும் கம்பாக நடத்துவது அநீதி. அவருக்கும் மேலே போகும் வழி திறந்திருக்க வேண்டும். டாம் ஸ்டூவர்ட் அப்படித் திறந்த வழியில் போனவர். உள்ளூர் ஆட்டத்திலிருந்து ஜீலாங்கின் வி.எஃப்.எல். அணிக்கு வந்து, 2016-ஆம் ஆண்டுத் தேர்வில் 23 வயதில் 40-ஆவது பெயராக எடுக்கப்பட்டார். பலமுறை ஆண்டின் சிறந்த அணியில் இடம்பெற்றார். 2022-இல் கோப்பையும் வென்றார். பதினெட்டு வயதில் தேறாதவன் என்றைக்கும் தேறமாட்டான் என்று முடிவு கட்டியிருந்தால் அவர் எங்கே இருந்திருப்பார்?

எது உரைகல்?

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தபின், ஓர் இரண்டாம் அணியை நான்கு கேள்விகளால் உரைத்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. வந்த பையன் உண்மையில் ஆடினானா, உட்கார்ந்திருந்தானா? அவன் பிழை செய்தபோது நீக்கப்பட்டானா, திருத்தப்பட்டானா? அவனுக்குப் பக்கத்தில் மூத்தவர் ஒருவர் மரியாதையோடு வைக்கப்பட்டிருந்தாரா? கடைசியாக, மேலே போகாதவன் எப்படி வழியனுப்பப்பட்டான்?

இந்த நான்காவது கேள்வியே எல்லாவற்றிலும் பெரியது. ஒவ்வோர் ஆண்டும் எத்தனை பேர் புதிதாக வருகிறார்களோ, ஏறத்தாழ அத்தனை பேர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறார்கள். அது கணக்கு; தப்ப முடியாது. இருபது, இருபத்தொரு வயதில், "நீ வேண்டாம்" என்ற சொல்லைக் கேட்பது சின்ன விஷயமா? அங்கே ஆட்டக்காரர் சங்கம் படிப்புக்கும் தொழிற்பயிற்சிக்கும் உதவித்தொகை தருகிறது. நல்ல ஏற்பாடு. ஆட்டக்காரனாகத் தேறாதவனும் மனிதனாகத் தேறிப் போக வேண்டும். அப்படி அனுப்பத் தெரியாத அணி, எத்தனை கோப்பை வாங்கினாலும் நல்ல அணி ஆகாது.

நமக்கு இதில் என்ன?

இவ்வளவு தூரம் கடல் கடந்து போய்விட்டு வெறுங்கையோடு திரும்பலாமா?

நம்மிடம் கோடிக் கணக்கில் பணமில்லை. ஒளிப்பதிவு பார்க்கத் தனி அறையில்லை. ஆனால் இரண்டாம் அணி அமைக்கப் பணம் எதற்கு? மாலையில் மைதானம் இருக்கிறது. சுற்று வட்டாரத்தில் நம்மைப் போன்ற கல்லூரிகள் இருக்கின்றன. ஒவ்வொரு விளையாட்டிலும் மாற்று ஆட்டக்காரர்களைக் கொண்டு ஓர் 'ஆ' அணி அமைத்து, மாதம் ஒருமுறை பக்கத்துக் கல்லூரியின் 'ஆ' அணியோடு முறைப்படி ஆட வைக்கலாம். மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் அதற்குப் பொறுப்பேற்கலாம். அடுத்த ஆண்டு முதல் அணியின் மூத்தவர்கள் பட்டம் பெற்றுப் போகும்போது, "ஆளில்லையே" என்று கையைப் பிசைய வேண்டியிராது.

விளையாட்டோடு இது நின்றுவிடவும் இல்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். முதல் பருவத்தில் கணிதத் தாளில் தேறவில்லை. ஆங்கிலத்தில் நடத்திய பாடம் காதில் விழுந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை. எங்களைப் போன்ற சிலரை மாலையில் உட்கார வைத்து, தவறாகப் போட்ட கணக்கையே மறுபடி போடச் சொல்லி, தவறு எந்த வரியில் நுழைந்தது என்று தமிழில் காட்டினார் ஓர் ஆசிரியர். அடுத்த முறை தேறினேன். அந்த மாலை வகுப்புக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. இன்று எண்ணிப் பார்க்கிறேன். அதுதான் எங்கள் இரண்டாம் அணி. வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குபவர் எந்த ஆசிரியரிடமும் வாங்கிவிடுவார். எங்களைத் தேற வைத்தவரின் பெயரை எந்தப் பலகையிலும் எழுதமாட்டார்கள். ஆனாலும் கல்லூரி என்ற சொல்லுக்குப் பொருள் தந்தவர் அவரே.

நண்பர்களே! அடுத்த முறை மைதானத்துப் பக்கம் போகும்போது கோட்டுக்கு வெளியே நிற்பவனையும் ஒருமுறை பாருங்கள். அவன் சும்மா நிற்கிறானா, வளர்கிறானா என்று கேளுங்கள். சும்மா நிற்கிறான் என்றால் குற்றம் அவனுடையது மட்டும் அன்று. அவனை அங்கே நிறுத்திவிட்டு மறந்துபோன நம் எல்லோருடையதும்தான்.